மடையோரத்து ஒரு கைப்பிடி நாற்று

நெல்லுக்கு வாயும் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில், சடையாண்டி தன் மனைவி செம்பாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு விடியற்காலையில். அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தங்கள் நாற்றங்காலின் மடைப்பலகைக்கு முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். மேலக் கண்மாய் உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் வாய்க்காலில் கரை தொட்டு ஓடியது. களிமண்ணும் பனையோலையும் கொண்டுவர அவன் திரும்பி ஓடினான். பின்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, ஓலையைப் பச்சையா வெட்டிட்டு வா. காஞ்சது வேண்டாம், மிதக்கும்."

அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான். பச்சை ஓலையோடு அவன் திரும்பி வந்தபோது மடை அடைபட்டிருந்தது. பலகை சட்டத்துக்குள் சரியாக இறங்கி, ஒரு சொட்டுகூட உள்ளே விடாமல் நின்றது. அவளைத்தான் காணவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதில், கூப்பிடு தூரம் தள்ளி ஒரு தாழம்புதரில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

நெடுங்கண்மாய் என்ற அந்த ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் மடைக்காவல் இருப்பது வழக்கம். கருகல் என்று ஒரு நோய் இருந்தது. அதற்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. தண்ணீரில் ஏறி வரும், மழைச்சாரலில் தொற்றி வரும். விடிகாலையில் நெல்லிலையின் நுனியில் ஒரு சொட்டு நீர் முத்துப்போல் திரண்டு நிற்குமே, அந்தச் சொட்டில் இறங்கி, நுனி வழியாக உள்ளே நுழைந்து, இலையைக் குடித்துக்கொண்டே கீழே வரும். கருகல் புகுந்த வயல் பத்து நாளில் வைக்கோலாகிவிடும். அதைத் தடுக்கத்தான் காவல். காவலுக்கு நிற்பவர் மடைக்கு வரும் ஒவ்வொரு தண்ணீரையும் உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்க்க வேண்டும். சேற்று வாசம் மட்டும் இருந்தால் விடலாம். புளித்த கஞ்சி வாசம் துளி இருந்தாலும் பலகையைப் போட்டுவிட வேண்டும். விதைத்த நாளிலிருந்து அறுக்கும் நாள்வரை நான்கு மாதம் இந்தக் காவல் உண்டு.

நெல் அந்த நான்கு மாதமும் கவலையே இல்லாமல் வளர்ந்தது. நாற்றாக இருந்தபோதும் சரி, கதிர் தள்ளியபோதும் சரி, அதற்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். கொக்கு வந்தால் கொக்கின் கால் கோணலைப் பற்றிப் பேசும். தவளை கத்தினால் ராகம் சரியில்லை என்று சொல்லும். காவலுக்கு நிற்பவரின் காதுதான் புண்ணாகும்.

செம்பாயிபோல மோந்து பார்க்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மேலக் கண்மாய் வயல்களில் நோய் கண்டிருந்தால், அந்தத் தண்ணீர் நடுவழியில் வரும்போதே முகத்தைச் சுளிப்பாள். ஊரார் சடையாண்டியை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செம்பாயி புருஷன் என்றுதான் சொல்வார்கள். வேறு ஆண்களுக்கு அது குறைச்சலாக இருந்திருக்கலாம். அவனுக்கு அப்படிக் கூப்பிடும்போது நெஞ்சு ஒரு விரற்கடை நிமிரும்.

அந்த வெள்ளத்தில் ஊரிலுள்ள எல்லா மடைகளும் பிய்த்துக்கொண்டு போயின. எல்லா நாற்றங்கால்களும் முழுகின. தப்பியது செம்பாயி முதுகு கொடுத்த நாற்றங்கால் ஒன்றுதான். விதைத்துப் பன்னிரண்டு நாளான நாற்று, மூன்றிலைப் பருவம். ஊர் முழுவதற்கும் அடுத்த ஆண்டு விதை என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதிலிருந்துதான் வர வேண்டும்.

செம்பாயியின் அண்ணன் இருளப்பன் பெரிய உடம்புக்காரன், பெரிய வாய்க்காரன். தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போனாலும் பேசிக்கொண்டே இருப்பான். பிறந்த வீட்டுக்காரன் என்பதால் அவனுக்குத் தீட்டு மூன்று நாள்தான். நான்காம் நாள் காலையில் அவன் சடையாண்டியின் முன் வந்து உட்கார்ந்தான். நாற்றை இப்போதே பிடுங்கி நட்டுவிட வேண்டும் என்றான். முப்பது நாள் ஆகவில்லையே என்று சடையாண்டி தயங்கினான். தங்கை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய நாற்று, அது வயலில் எழுந்து நிற்பதை ஊர் பார்க்க வேண்டாமா என்று இருளப்பன் கேட்டான். கேட்கும்போது அவன் கண் கலங்கிவிட்டது. சடையாண்டி, உங்க விருப்பம் மச்சான் என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

இருளப்பன் ஊரையே திரட்டிக்கொண்டு போனான். இருபது நாள்கூட ஆகாத நாற்றைப் பிடுங்கினார்கள். பெரிய நடவுக்குச் செய்வதுபோல கட்டுக்கட்டாகப் பிடித்து நுனித் தலையைக் கிள்ளினார்கள். நட்ட வயல் பாய் விரித்ததுபோல ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஊரில் அப்படிக் கிள்ளுவார்கள். காவல் இருந்த காலத்தில் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. வயலில் வெள்ளத் தண்ணீர் வற்றாமல் நின்றது. நடவுக்கு வாகாகத் தண்ணீர் நிற்கிறது என்று அதிலேயே நட்டார்கள். ஒருவரும் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்க்கவில்லை. மோந்து பார்க்க வேண்டியவள் இல்லை. அவள் வீட்டாரோ பதினாறு நாள் கருமாதி முடியாமல் மடைப் பக்கம் வரக் கூடாது. ஒரு வீட்டு மடையை இன்னொரு வீட்டார் தொடுவதும் அந்த ஊரில் இல்லாத பழக்கம். சொந்த அண்ணனுக்கும் அந்த உரிமை கிடையாது.

மடையோரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி நாற்றை விட்டுவிட்டார்கள். அங்கேதான் செம்பாயி உட்காருவாள். அவள் விரித்த சாக்கும் வெற்றிலைப் பையும் அங்கேயே கிடந்தன. அந்த இடத்தில் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கிடக்கட்டும் என்றான் இருளப்பன்.

எட்டாம் நாள் அவன் மறுபடி வந்தான். வாசலிலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை. அவன் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்தே சடையாண்டிக்குப் புரிந்துவிட்டது.

கருமாதி முடிந்த அன்று மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சடையாண்டி வயலுக்குப் போனான். கிள்ளிய காயம் வழியாகக் கருகல் நுழைந்திருந்தது. வயல் முழுவதும் சுருண்டு, வெளுத்து, சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவ்வளவு பேச்சுப் பேசிய பயிரிலிருந்து ஒரு முனகல்கூட எழவில்லை. அவள் முதுகு கொடுத்தது இதற்குத்தானா என்று அவன் நினைத்தான். சாக்கையும் வெற்றிலைப் பையையும் எடுத்துப் போகலாம் என்று மடைப் பக்கம் திரும்பினான்.

அங்கே பச்சை தெரிந்தது.

கைப்பிடி நாற்று முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தூர் பிரிந்திருந்தது. இலை நுனிகளில் மஞ்சள் ஓடியிருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு இலையிலும் அந்த மஞ்சள் ஒரு விரற்கடை தூரம் வந்து, கோடு கிழித்ததுபோல அங்கேயே நின்றிருந்தது. கோட்டுக்குக் கீழே கத்திபோலப் பச்சை.

"வாங்கய்யா," என்றது நாற்று. "சாக்கை எடுத்துடாதீங்க. அது கிடக்கட்டும்."

அவனுக்கு நம்ப முடியவில்லை. யார் காவலும் இல்லாமல் எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டான். அவை நடந்ததைச் சொல்லின. அதுவரை நெல் பேசிய பேச்சுபோல அது இல்லை. நிறுத்தி நிறுத்தி, அளந்து பேசின.

ஆத்தா போன பிறகு முதல் இரண்டு நாள் அழுதோம் என்றன. நடவு முடிந்த மூன்றாம் நாள் வயல் பக்கமிருந்து அடித்த சாரலில் கருகல் வந்தது. மிகவும் மரியாதையாக வந்தது. நுனிச் சொட்டில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளா, இடம் இருக்கிறதா என்று கேட்டது. வழக்கம்போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் அது உள்ளே இறங்கிய சத்தமே கேட்கவில்லை. அன்று பதினோரு பேர் போனார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் மறுநாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போதுதான் அதன் காலடி முதன்முதலாகக் கேட்டது. காலே இல்லாததற்குக் காலடி ஏது என்று சடையாண்டி கேட்டான்.

"இருக்குய்யா. ரொம்பச் சின்னச் சத்தம். புளிச்ச மாவு பொங்குற மாதிரி இருக்கும். ஆத்தா மூக்கால மோந்ததை நாங்க காதால கேட்டோம்."

கேட்டும் முதலில் ஒன்றும் செய்ய முடியவில்லை. உடம்பில் அதற்கான வலு இல்லை. மூன்று இலையையும் விரிக்கவே சக்தி சரியாக இருந்தது. நான்காம் இலை வந்தபோது இலை நரம்புக்குள் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஐந்தாம் இலை விரிந்த அன்று காலையில் கருகல் வழக்கம்போல இடம் கேட்டு உள்ளே இறங்கியது. ஒரு விரற்கடை வரை விட்டார்கள். அதற்குப் பிறகு நரம்பை இறுக்கிக் கதவைச் சாத்தினார்கள். அந்த விரற்கடையைத் தாங்களே காயவிட்டார்கள். குடிக்க ஒன்றும் இல்லாமல் கருகல் அங்கேயே வாடியது.

"போகும்போது எங்களைத் திட்டிட்டுப் போச்சு," என்றது ஒரு நாற்று. "நேத்துவரைக்கும் நல்ல பிள்ளைகளா இருந்தீங்களே, யாரு கெடுத்தாங்கன்னு கேட்டுச்சு."

சடையாண்டிக்குப் பதினாறு நாளில் முதல்முறையாக உதட்டோரம் அசைந்தது.

அந்தச் செய்தி ஊருக்குள் போனது. ஊரே வந்து வரப்பில் நின்று பார்த்தது. இனி விதை என்றால் இந்தக் கைப்பிடிதான். வெள்ளத்தில் உடைந்த ஊர்க் கண்மாயில் தண்ணீர் தங்கவில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்துக் கிணற்றிலிருந்து மொண்டுவந்து ஊற்றினார்கள். அடுத்த இரண்டு மாதம் மழையே இல்லை. பயிர் சூல்கொண்டு, கதிர் வெளியே தலைகாட்டிய நேரத்தில் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. பயிரின் அடி மண்ணில் நகக்கண் அளவு வெடிப்பு விட்டது. கதிருக்குள் பால் பிடிக்க வேண்டிய பத்து நாளும் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் பதர்.

தண்ணீர் இல்லாமல் இல்லை. மடைப்பலகைக்கு மறுபக்கம் வாய்க்காலில் மேலக் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் ஆழம் தேங்கிக் கிடந்தது. சடையாண்டி குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான். அவனுக்கே தெரிந்தது, புளித்த கஞ்சி.

ஊர் கூடிப் பேசியது. விட்டால் கருகும், விடாவிட்டால் காயும். சாரலில் வந்த கருகலைத் தாங்கியது வேறு, மடை நிறைய வரும் கருகலைத் தாங்குவது வேறு என்று சிலர் சொன்னார்கள். இன்னும் நான்கு நாள் பார்ப்போம், மழை வரும் என்றார்கள் சிலர். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. முடிவைச் சொல்ல வேண்டியது மடைக்கு உடையவன். எல்லோரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். அவன் பயிர் அருகில் போய்க் குந்தி உட்கார்ந்து, என்ன செய்யட்டும் என்று அதனிடமே கேட்டான்.

திறந்துவிடுங்கள் என்றது நெல்.

இருளப்பன் அதற்குள் வாய்க்காலில் இறங்கிவிட்டான். பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான். அதே இடம், அதே நிற்பு.

"என் தங்கச்சி அடைச்ச மடை இது, மாப்பிள்ளை," என்றான். "அவசரப்பட்டு நட்டு வயலை அழிச்சவன் நான். மிச்சம் இருக்கிறதையும் அழிய விடமாட்டேன். நான் நிக்கிறவரைக்கும் இந்தப் பலகை அசையாது."

சடையாண்டிக்கு அவனைத் தொட்டு விலக்கவும் மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. பலகைப் பிடியில் கை வைத்தபடி நின்றான். இருளப்பனின் தோள் குலுங்கியது.

நெல் மெதுவாகப் பேசியது.

"மாமா, ஆத்தா இதை அடைச்சப்போ நாங்க சின்னப் பிள்ளைங்க. அவ அன்னைக்கு அடைச்சிருக்காட்டி நாங்க இல்லை. இப்ப எங்களைப் பாருங்க. நாங்க சின்னப் பிள்ளைங்களா?"

இருளப்பன் திரும்பிப் பார்த்தான். கதிர் அவன் இடுப்புக்கு மேல் நின்றது. இலை ஒவ்வொன்றும் விரல் பட்டால் அறுக்கும் கூர்மையில் இருந்தது. வெகுநேரம் பார்த்தான். பிறகு கரையேறித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சடையாண்டி பலகையைத் தூக்கும்முன் ஒன்று மட்டும் கேட்டான். நீங்கள் கற்றுக்கொண்டதை உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுப்பீர்களா என்றான்.

"விதைக்குள்ள முடிஞ்சு வைக்கிறோம்," என்றது நெல். "ஆனா அந்த முடிச்சை அவிழ்க்க அஞ்சு இலை வேணும். அதுக்கு முன்னால அதுங்களுக்கு வளரவே பலம் பத்தாது. அதுவரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும்."

"அஞ்சு இலைக்கு அப்புறம்?"

"அப்புறம் நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க."

வரப்பில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நெல் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றது.

"நாங்க இனிமே பேச மாட்டோம்யா. பேசிக்கிட்டிருந்தா அதோட காலடி கேக்காது. அன்னைக்குப் பதினோரு பேர் போனது அதனாலதான். வருத்தப்படாதீங்க. கேட்டுக்கிட்டேதான் இருப்போம்."

வீட்டில் ஒரு குரல் ஏற்கனவே இல்லை. இனி வயலிலும் இருக்காது. ஆனால் போகிற குரல் கெஞ்சவில்லை, அழவில்லை; வளர்ந்த பிள்ளை வாசலில் நின்று சொல்லிக்கொண்டு போவதுபோலப் போனது. அவள் வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டான். பன்னிரண்டே நாள் வளர்ப்பு. அந்தப் பன்னிரண்டு நாள் இல்லாவிட்டால் இந்த நிமிர்வு இல்லை.

பலகையைத் தூக்கினான்.

தண்ணீர் வெடிப்புகளுக்குள் குடுகுடுவென்று இறங்கியது. புளித்த வாசம் மேலெழுந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு நின்றது. சடையாண்டி கிட்டே போகவில்லை. இலை ஈரமாக இருக்கும்போது பயிருக்குள் இறங்கக் கூடாது என்பது செம்பாயியின் கட்டளை. வரப்பில் உட்கார்ந்து பார்த்தான். வெயில் ஏறியதும் சொட்டுகள் காய்ந்தன. நுனிகள் மஞ்சளாகத் தொடங்கின. இரண்டாம் நாள் மஞ்சள் அரை விரற்கடை இறங்கியது. இருளப்பன் சோறு இறங்காமல் பானையை மூடி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பேசவே இல்லை. மூன்றாம் நாள் மஞ்சள் ஒரு விரற்கடையைத் தொட்டது.

நான்காம் நாளும் அது ஒரு விரற்கடையிலேயே இருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே.

இருளப்பன் எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினான். எதிர் வரப்பில் வந்த யாரோ ஒருவனை நிறுத்தி, இந்த நெல் யார் வளர்த்தது தெரியுமா என்று ஆரம்பித்தான். அவன் குரல் கண்மாய்க் கரைவரை கேட்டது.

கதிர் பால் பிடித்தது, முற்றியது, தலை சாய்ந்தது. அறுத்துக் கசக்கியபோது இரண்டு மரக்கால் விதை தேறியது. வீட்டுக்கு ஒரு கை வீதம் ஊர் முழுக்கப் பகிர்ந்தார்கள். சடையாண்டியும் மற்றவர்களைப்போல ஒரு கைதான் எடுத்துக்கொண்டான். அதை அவன் விதைத்து, மடையோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வந்த தண்ணீரை எல்லாம் மோந்து பார்த்தான். இலைகளை எண்ணினான். ஐந்தாம் இலை விரிந்த அன்று எழுந்து சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நெல்லுக்கு நாற்றுப் பருவத்தில் வரும் நோய் இன்றும் உயிரைக் குடிக்கிறது. முற்றிய பிறகு வரும் அதே நோய் அன்று முதல் இலை நுனியோடு நின்றுவிடுகிறது. நெல் வாய் திறப்பதில்லை. காற்றடிக்கும்போது எழும் சலசலப்போடு சரி. நெடுங்கண்மாயில் நாற்றின் தலையைக் கிள்ளுகிற வழக்கமும் அந்த ஆண்டோடு போனது. நாற்றங்காலுக்கு மட்டும் காவல் உண்டு, நட்டு வேர் பிடித்த வயலுக்கு இல்லை.

இன்றும் அந்த ஊரில் நாற்றெல்லாம் பிடுங்கி முடிந்த பிறகும், மடையோரத்தில் ஒரு கைப்பிடி நிற்கிறது.